விஞ்ஞானிகள் வரிசை: ஹேர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் (1821 – 1894)
சுழி வளையத்தின் விதிகளைக் கண்ட மருத்துவர்

அறிமுகம்

கோயிலில் சாம்பிராணிப் புகை சுருண்டு சுருண்டு மேலெழுவதைக் கண்டிருப்பீர்கள். தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் புகை சிறிது தூரம் சென்றதும் கலைந்து மறைவதையும் கண்டிருப்பீர்கள். இராகலை போன்ற மலையூர்களில் மூடுபனி லயங்களுக்கு இடையே நுழைந்து செல்லும்போது வளி ஓடும் பாதையை நாம் கண்ணாலேயே பார்க்க முடிகின்றது. பொதுவாகப் புகை பரவிக் கலைந்துவிடும். ஆனால் ஒரு வட்டத் துளையினூடாகப் புகையைச் சடுதியாகத் தள்ளினால் அது ஒரு வளையமாக உருண்டு, தன் வடிவம் கெடாமல் நெடுந்தூரம் செல்லும். இதுவே சுழி வளையம் எனப்படும். இவ்வாறு வளையங்களை எய்யும் பெட்டி வளிப் பீரங்கி எனப்படும்.

சாதாரண புகை கலைய, வளையம் மட்டும் ஏன் கலையாமல் செல்கின்றது? இக்கேள்விக்குக் கணித முறையில் முதன்முதலாக விடை அளித்தவர் ஒரு மருத்துவர். அவரே ஹேர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆவார். க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞான பாடத்தில் நாம் கற்கும் சக்திக் காப்பு விதியை நிலைநாட்டியவர்களுள்ளும் இவர் ஒருவர். எனவே இவரது வரலாற்றை அறிந்துகொள்வது பாடத்தை விளங்கிக்கொள்வதற்கும் துணைபுரியும்.

இளமையும் கல்வியும்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி ஜேர்மனியின் பொட்ஸ்டம் நகரில் பிறந்தார். இவரது தந்தையார் ஒரு பாடசாலை ஆசிரியர். குடும்பம் பெரியது, வருமானம் சிறியது. சிறு வயதில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் வீட்டினுள்ளேயே மரக்கட்டைகளை அடுக்கி விளையாடினார். கேத்திர கணிதத்தின் பல உண்மைகள் இக்கட்டைகளின் மூலமே அவருக்குப் பழகிப்போயின.

பௌதிகவியல் கற்க வேண்டும் என்பதே இவரது விருப்பம். ஆனால் அக்காலத்தில் பௌதிகவியல் கற்றவருக்கு வேலைவாய்ப்பு அரிது. பல்கலைக்கழகக் கட்டணத்தைச் செலுத்தத் தந்தையாரிடம் பணமும் இல்லை. இராணுவ மருத்துவர்களைப் பயிற்றும் நிறுவனம் ஒன்று பேர்லினில் இருந்தது. அங்கே கல்வி இலவசம். அதற்குப் பதிலாகப் பட்டம் பெற்றபின் பல ஆண்டுகள் இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். தந்தையாரின் ஆலோசனைப்படி 1838இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அந்நிறுவனத்தில் சேர்ந்தார்.

விரும்பிய பாடம் கைக்கு எட்டவில்லை என்பதற்காக அவர் அதைக் கைவிடவில்லை. மருத்துவப் படிப்புடன் கணித நூல்களையும் தாமாகவே கற்றார். நிறுவனத்தின் நூலகத்தில் உதவியாளராகப் பணியாற்றியபோது பெரும் கணித மேதைகளின் நூல்களைப் படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. யோகான்னஸ் முல்லர் என்னும் புகழ்பெற்ற உடற்றொழிலியல் பேராசிரியரிடம் பாடம் கேட்டார்.

1841இல் இவர் கடுங்காய்ச்சலால் பீடிக்கப்பட்டு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். மாணவர் என்ற முறையில் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது. வைத்தியசாலையில் இருந்த நாட்களில் செலவாகாமல் மீந்த படிப்பணத்தைக் கொண்டு ஒரு நுணுக்குக்காட்டியை வாங்கினார். விலை குறைந்த அக்கருவியின் துணையுடனேயே முள்ளந்தண்டற்ற விலங்குகளின் நரம்புகளை ஆராய்ந்து 1842இல் மருத்துவக் கலாநிதிப் பட்டத்தைப் பெற்றார்.

பாசறையில் ஓர் ஆய்வுகூடம்

1843இல் பொட்ஸ்டம் படைப்பிரிவில் மருத்துவராக நியமிக்கப்பட்ட ஹெல்ம்ஹோல்ட்ஸ், பாசறையிலேயே சிறிய ஆய்வுகூடம் ஒன்றை அமைத்துக்கொண்டார். உயிர்களின் உடலில் தோன்றும் வெப்பம் எங்கிருந்து வருகின்றது என்பதே அவரை வாட்டிய கேள்வி. உயிருள்ளவற்றுக்குள் உயிர்விசை என்னும் தனி விசை ஒன்று உண்டு என்றும், அது ஒன்றுமில்லாமையிலிருந்தும் வேலையைத் தோற்றுவிக்கும் என்றும் அக்காலத்தில் பலர் நம்பினர். ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் தசைகளைச் சுருங்கச் செய்து, அப்போது இரசாயன மாற்றமும் வெப்பமும் தோன்றுவதை அளந்தார். தசையின் வேலைக்கு உணவில் உள்ள சக்தியே காரணம், தனியான உயிர்விசை தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

1847ஆம் ஆண்டு யூலை 23ஆம் திகதி, தமது 25ஆவது வயதில், பேர்லின் பௌதிகவியற் கழகத்தில் சக்திக் காப்புப் பற்றிய கட்டுரையை வாசித்தார். சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அது ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறலாம் என்பதே அதன் சாரம். லக்ஷபானவில் மலைமேல் தேங்கிய நீரின் அழுத்தசக்தி இயக்கசக்தியாகி, சுழலியைச் சுழற்றி, மின்சக்தியாகி நம் வீட்டு மின்குமிழில் ஒளியாவது இவ்விதிக்கு நல்ல உதாரணமாகும்.

ஆயினும் அக்கட்டுரை இலகுவில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஜேர்மனியின் முன்னணிப் பௌதிகவியற் சஞ்சிகை அதனைப் பிரசுரிக்க மறுத்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் மனந்தளராமல் அதே ஆண்டில் தனிச் சிறுநூலாக வெளியிட்டார். ஜேர்மனியின் யூலியஸ் ரொபட் மாயர், இங்கிலாந்தின் ஜேம்ஸ் பிறஸ்கொட் யூல் ஆகியோரும் 1840களில் இதே உண்மையை வெவ்வேறு வழிகளில் கண்டறிந்திருந்தனர். ஆகவே இவ்விதியைக் கண்டவர் இவர் ஒருவரே என எழுதுதல் தவறாகும். எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும் பொது விதியாக அதனைக் கணித வடிவில் அமைத்தமையே ஹெல்ம்ஹோல்ட்ஸின் சிறப்பாகும்.

நரம்பும் கண்ணும்

1848இல் இராணுவ சேவையிலிருந்து முன்கூட்டியே விடுவிக்கப்பட்ட இவர், 1849இல் கோனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் ஆசிரியரானார். அதே ஆண்டில் ஒல்கா என்பவரைத் திருமணம் செய்தார். நரம்பில் கணத்தாக்கம் செல்லும் வேகத்தை அளக்கவே முடியாது என அவரது ஆசிரியர் முல்லர் கருதியிருந்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பைப் பயன்படுத்தி அதனை அளந்து காட்டினார். அவ்வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர் ஆகும். மின்னலைப் போன்ற வேகத்தை எதிர்பார்த்திருந்த அறிஞர்களுக்கு இது பெரும் வியப்பை அளித்தது.

1851இல் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை வெளியுலகுக்கு அறிமுகம் செய்தார். அதுவரை உயிருள்ள மனிதனின் விழித்திரையை எந்த மருத்துவராலும் பார்க்க முடியவில்லை. பார்ப்பவரின் தலையே ஒளியை மறைத்துவிடுவதே காரணம். மெல்லிய கண்ணாடித் தட்டுகளால் ஒளியைக் கண்ணுள் தெறிக்கச் செய்து, அதே தட்டுகளினூடாகப் பார்க்கும் எளிய உபாயத்தால் அவர் இத்தடையை நீக்கினார். இன்றைய கண் வைத்தியர்கள் பயன்படுத்தும் விழியகநோக்கியின் முன்னோடி இதுவேயாகும்.

சுழி வளையம் பற்றிய ஆய்வு

1855இல் பொன் பல்கலைக்கழகத்துக்கு மாறிய ஹெல்ம்ஹோல்ட்ஸ், இசை ஒலிகளையும் குழாய்களில் வளி அசையும் விதத்தையும் ஆராய்ந்தார். திரவங்களும் வாயுக்களும் பாயும் இயல்புடையன. எனவே அவை பாயிகள் எனப்படும். பாயிகளின் இயக்கத்துக்கான சமன்பாடுகளை ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்னரே ஒயிலர் என்னும் கணித மேதை அமைத்திருந்தார். ஆனால் பின்வந்தோர் பெரும்பாலும் பாயியின் துணிக்கைகள் சுழலாமல் செல்லும் இயக்கத்தையே ஆராய்ந்தனர். சுழலும் இயக்கம் கடினமானது என ஒதுக்கப்பட்டது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒதுக்கப்பட்ட அப்பகுதியையே கையில் எடுத்தார். 1858இல் வெளிவந்த அவரது கட்டுரை சுழிப்பு இயக்கம் பற்றிய கல்விக்கு அடித்தளமாயிற்று.

உராய்வே இல்லாத ஓர் இலட்சியப் பாயியைக் கருதி அவர் பெற்ற முடிவுகளை எளிமையாகப் பின்வருமாறு கூறலாம்.

1. சுழலும் துணிக்கைகள் தொடர்ந்து சுழலும். சுழலாத துணிக்கைகள் தாமாகச் சுழலத் தொடங்கா.
2. சுழியின் வலிமை அதன் நீளம் முழுவதும் சமமாகும், காலத்துடனும் மாறாது.
3. சுழி பாயியின் நடுவே முடிவடைய முடியாது. ஒன்றில் அது பாயியின் எல்லைவரை செல்ல வேண்டும். அல்லது தன்னுடனேயே இணைந்து வளையமாக வேண்டும்.

மூன்றாவது விதியை நன்கு சிந்தியுங்கள். கயிற்றின் இரு முனைகளையும் முடிந்துவிட்டால் முனை என்பதே இல்லாமற் போகின்றதல்லவா? சுழியும் அவ்வாறே. வளையமாகிவிட்ட சுழிக்கு அவிழத்தக்க முனை இல்லை. உராய்வு இல்லையெனில் அது என்றென்றும் நிலைக்கும். உண்மையான வளியில் சிறிதளவு பாகுமை இருப்பதால் வளையம் படிப்படியாக வலிமை குன்றி, ஈற்றில் கலைகின்றது.

வளையம் ஏன் முன்னோக்கிச் செல்கின்றது? வளையத்தின் ஒவ்வொரு பகுதியும் தன்னைச் சுற்றியுள்ள வளியைச் சுழற்றுகின்றது. அச்சுழற்சியால் வளையத்தின் நடுவே வளி முன்னோக்கிப் பாய்கின்றது. வெளிப்புறத்தில் பின்னோக்கிச் செல்கின்றது. ஒவ்வொரு பகுதியும் ஏனைய பகுதிகளை முன்னே தள்ளுவதால் வளையம் முழுவதும் தானாகவே நகர்கின்றது. சம வலிமையுள்ள இரு வளையங்களுள் சிறியது விரைவாகவும் பெரியது மெதுவாகவும் செல்லும்.

ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் இரு வளையங்கள் பற்றியும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எதிர்வுகூறினார். முன்னே செல்லும் வளையம் விரிந்து வேகம் குறையும். பின்னே வரும் வளையம் சுருங்கி வேகம் கூடி, முன்னையதன் நடுவே புகுந்து முந்திவிடும். பின்பு அதே ஆட்டம் மறுபடியும் நடைபெறும். சிறுவர்கள் ஒருவரையொருவர் தாண்டிக் குதித்து விளையாடுவதை இது நினைவூட்டும்.

செய்து பார்ப்போம்

செயற்பாடு 1: அகன்ற பேசின் ஒன்றில் தெளிந்த நீரை நிரப்பி வெயிலில் வையுங்கள். கரண்டியின் நுனியைப் பாதியளவு நீரில் அமிழ்த்தி, சிறிது தூரம் தள்ளிச் சட்டென்று வெளியே எடுங்கள். நீர்மட்டத்தில் இரண்டு சிறு குழிகள் சேர்ந்தே நகர்ந்து செல்லும். பேசினின் அடியில் இரண்டு வட்ட நிழல்களும் தென்படும். இவை தனித்தனிச் சுழிகள் அல்ல; நீருக்கடியில் வளைந்து செல்லும் ஓர் அரை வளையத்தின் இரு முனைகளாகும். சுழி நீரின் நடுவே முடியாமல் மேற்பரப்பில் முடிவதைக் கவனியுங்கள். கரண்டியால் அரை வளையங்களை உண்டாக்கும் இம்முறையை ஹெல்ம்ஹோல்ட்ஸே தமது கட்டுரையின் இறுதியில் கூறியுள்ளார். தேநீர்க் கோப்பையிலும் இதனைச் செய்து பார்க்கலாம்.

செயற்பாடு 2: காட்போட் பெட்டி ஒன்றின் இடைவெளிகளை ஒட்டுநாடாவால் நன்கு அடைத்து, ஒரு பக்கத்தின் நடுவே வட்டத் துளை ஒன்றை வெட்டுங்கள். துளையை ஏற்றப்படாத காகிதத் துண்டு ஒன்றை நோக்கித் திருப்பி, பெட்டியின் இரு பக்கங்களையும் உள்ளங்கைகளால் சடுதியாகத் தட்டுங்கள். தொங்கவிடப்பட்ட காகிதம் சற்றுத் தொலைவிலிருந்தும் அசையும். துளையின் அருகே ஊதுபத்தியைப் பிடித்து உள்ளே சிறிது புகையைச் சேர்த்துக்கொண்டால் வளையத்தைக் கண்ணாலும் காணலாம். எரியும் பொருளைப் பெட்டிக்குள் வைத்தல் ஆகாது. ஆசிரியர் முன்னிலையிலேயே இதனைச் செய்யுங்கள்.

விளக்கம்: துளையின் நடுவே வெளிவரும் வளி விரைவாகச் செல்கின்றது. துளையின் விளிம்பை ஒட்டிய வளி உராய்வினால் பின்தங்குகின்றது. இவ்வேக வேறுபாட்டால் வெளிவரும் வளியின் ஓரம் வெளிப்பக்கமாகச் சுருண்டு வளையமாகின்றது. புகை இல்லாவிட்டாலும் வளையம் உருவாகும். புகை அதனைக் கண்ணுக்குக் காட்டுகின்றது, அவ்வளவே.

புகை வளையமும் அணுவும்

ஸ்கொட்லாந்துப் பேராசிரியர் பீற்றர் கத்ரி ரெய்ற், ஹெல்ம்ஹோல்ட்ஸின் கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1867ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எடின்பரோவில், பின்புறம் துணி கட்டிய பெட்டியிலிருந்து புகை வளையங்களை எய்து காட்டினார். அதனைப் பார்த்தவர்களுள் ஹெல்ம்ஹோல்ட்ஸின் நண்பரான வில்லியம் தொம்சனும் ஒருவர். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்டவரும், வெப்பநிலை அலகின் பெயரால் நாம் நினைவுகூர்பவரும் இவரே. இரு வளையங்கள் மோதியும் உடையாமல் இறப்பர் வளையங்களைப் போல அதிர்ந்து விலகுவதைக் கண்ட அவர், அழியாத அணுக்களும் இத்தகைய சுழி வளையங்களே எனக் கருதினார். வெளியெங்கும் நிறைந்துள்ள ஈதர் என்னும் பாயியில் அணுக்கள் சுழல்வதாக அவர் கொண்டார்.

இக்கொள்கை பின்னர் தவறு எனக் கண்டறியப்பட்டது. ஆயினும் அதன் பயன் வீணாகவில்லை. முடிச்சிட்ட சுழிகளை வகைப்படுத்த முயன்ற ரெய்ற்றின் பட்டியல்கள் முடிச்சுக்கள் பற்றிய கணிதத்துக்கு வித்திட்டன. சுழி வளையங்கள் பற்றி 1883இல் நூல் வெளியிட்ட ஜே. ஜே. தொம்சன் என்னும் வேறொரு விஞ்ஞானி, 1897இல் இலத்திரனைக் கண்டறிந்து அணுவைப் பற்றிய கருத்தையே மாற்றினார்.

சுழி வளையத்தின் பெயரால் வீண் நம்பிக்கைகளும் எழுந்தன. ஆலங்கட்டி மழையிலிருந்து திராட்சைத் தோட்டங்களைக் காப்பதற்காக 1896 முதல் ஒஸ்திரியாவிலும் பின்னர் இத்தாலியிலும் புனல் வடிவப் பீரங்கிகள் வானத்தை நோக்கிச் சுடப்பட்டன. அவற்றிலிருந்து பெரிய சுழி வளையங்கள் இரைச்சலுடன் மேலெழுந்தன. ஆனால் 1900களின் தொடக்கத்தில் நடத்தப்பட்ட சோதனைகளில் எவ்விதப் பாதுகாப்பும் தெரியவில்லை. பீரங்கி சுட்ட தோட்டங்களிலும் ஆலங்கட்டி விழுந்தது. கண்ணுக்குத் தெரியும் விளைவு வேறு, நிரூபிக்கப்பட்ட பயன் வேறு என்பதை இதிலிருந்து உணரலாம்.

பிற்கால வாழ்க்கை

1858இல் ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு அவருக்குத் துயர் நிறைந்த ஆண்டாக அமைந்தது. 1859இல் தந்தையாரையும், இரு குழந்தைகளின் தாயான மனைவி ஒல்காவையும் இழந்தார். 1861இல் அன்னா என்பவரை மறுமணம் செய்தார். 1863இல் இசை ஒலிகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். கண்ணும் பார்வையும் பற்றிய அவரது பெருநூல் 1867இல் நிறைவுற்றது.

1871இல் பேர்லின் பல்கலைக்கழகம் அவரைப் பௌதிகவியற் பேராசிரியராக அழைத்தது. 1838இல் பணமின்மையால் விட்டுக்கொடுத்த பாடம், 33 ஆண்டுகளின் பின்னர் அவருடைய பதவியாகவே அமைந்தது. வானொலி அலைகளைக் கண்டறிந்த ஹைன்றிச் ஹேட்ஸ் இவரது மாணவராவார். 1883இல் பிரபுத்துவப் பட்டம் கிடைத்ததால் இவரது பெயருடன் வொன் என்பது சேர்ந்தது. 1887இல் நிறுவப்பட்ட அரச பௌதிகவியல் தொழினுட்ப நிறுவனத்தின் முதலாவது தலைவரும் இவரே. 1893இல் அமெரிக்கா சென்று திரும்பும் வழியில் கப்பற் படிகளில் விழுந்து காயமுற்றார். 1894ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி காலமானார்.

இன்றைய பயன்கள்

இதயத்தின் இடது சோணையறையிலிருந்து இருகூர் வால்வினூடாக இடது இதயவறையினுள் குருதி பாயும்போது அங்கே ஒரு சுழி வளையம் உருவாகின்றது. அதனை ஆராய்ந்து இதயத்தின் நலத்தை அறிய இன்று மருத்துவர்கள் முயல்கின்றனர். கணவாயும் சொறிமுட்டையும் நீரைப் பீச்சி நீந்தும்போதும் சுழி வளையங்கள் தோன்றுகின்றன. டன்டெலியன் செடியின் குடை போன்ற விதை காற்றில் மிதப்பதற்கு அதன் மேலே நிலைத்து நிற்கும் ஒரு சுழி வளையமே துணைபுரிகின்றது என 2018இல் எடின்பரோ ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஒரு மருத்துவர் பௌதிகவியலில் கண்ட உண்மை, இவ்வாறு மருத்துவத்துக்கே திரும்பி வந்துள்ளது.

மாணவர்களே, விரும்பிய துறை உடனே கிட்டாதபோது கிட்டிய துறையை வெறுக்காமலும் விரும்பிய துறையை மறக்காமலும் உழைத்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். நரம்பை அளக்கவும், கண்ணை நோக்கவும், இசையை ஆராயவும் அவருக்கு மருத்துவமும் பௌதிகவியலும் சேர்ந்தே உதவின. பரீட்சையின் பின் எத்துறை அமையுமோ என எண்ணும் உங்களுக்கு அவரது வாழ்க்கை நல்ல வழிகாட்டியாகும்.

நினைவிற் கொள்க

1821 – பிறப்பு, பொட்ஸ்டம்
1842 – மருத்துவக் கலாநிதிப் பட்டம்
1847 – சக்திக் காப்புப் பற்றிய கட்டுரை
1851 – விழியகநோக்கி அறிமுகம்
1858 – சுழிப்பு இயக்கம் பற்றிய கட்டுரை
1871 – பேர்லினில் பௌதிகவியற் பேராசிரியர்
1894 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. ஹெல்ம்ஹோல்ட்ஸ் மருத்துவம் கற்கச் சென்றதற்கான காரணம் யாது?
2. சக்திக் காப்பு விதியைக் கூறி, நீர்மின் உற்பத்தியில் நிகழும் சக்தி மாற்றங்களை வரிசைப்படுத்துக.
3. வளிப் பீரங்கியில் புகை சேர்க்கப்படாவிடின் சுழி வளையம் உருவாகுமா? காரணம் தருக.
4. சம வலிமையுள்ள இரு சுழி வளையங்களுள் விரைவாகச் செல்வது எது?
5. ஹெல்ம்ஹோல்ட்ஸின் விதிப்படி வளையம் நிலைத்திருக்க வேண்டும். ஆயினும் உண்மையான வளியில் அது கலைவது ஏன்?

விடைக் குறிப்புகள்

1. குடும்பத்தின் பொருளாதார வசதியின்மை. இராணுவ மருத்துவக் கல்வி இலவசமாகக் கிடைத்தமை.
2. சக்தியை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, வடிவம் மாற்றலாம். அழுத்தசக்தி → இயக்கசக்தி → மின்சக்தி.
3. உருவாகும். வளியின் வேக வேறுபாடே வளையத்தை உண்டாக்குகின்றது. புகை அதனைக் காட்டுவதற்கு மட்டுமே.
4. சிறிய வளையம்.
5. விதி உராய்வற்ற இலட்சியப் பாயிக்கு உரியது. உண்மையான வளிக்குப் பாகுமை உண்டு.